பதினோராவது வெட்டு

அன்புள்ள ஆரணி,

நீ திருத்தி அனுப்பிய என் கல்யாணப் பேச்சு வந்து சேர்ந்தது. பன்னிரண்டு நிமிடமாகப் போனது மூன்று நிமிடமாகத் திரும்பி வந்திருக்கிறது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி இருந்தது. முகம் தெரிகிறது, உடுப்புத்தான் தொங்குகிறது. பதினொரு இடத்தில் வெட்டியிருக்கிறாய். ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கத்தில் நிமிடம், நொடி, காரணம் எல்லாம் உன் அலுவலக முறைப்படி ஒழுங்காகக் குறித்திருக்கிறாய். பத்து வெட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். பதினோராவது, நான் மேடையில் கொஞ்சம் அழப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சபையிடம் முன்கூட்டியே சொல்கிற இடம். மாப்பிள்ளை வீட்டார் தமிழர் அல்லாததால் அதற்கு நீ எழுதிய காரணம், 'கலப்புச் சபை. டேனியலின் ஆட்களுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாது.' அந்த ஒரு வெட்டை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதை உன் மின்னஞ்சலுக்கு அனுப்பாமல், நீ சனிக்கிழமைகளில் படித்த தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்கு அனுப்பினால் இதுவும் மூன்று நிமிடமாகிவிடும். எழுத்துப் பிழையைத் தவிர வேறெதிலும் கை வைப்பதில்லை என்று மலராசிரியர் வாக்குத் தந்திருக்கிறார். உன் அம்மா பின்னால் நின்று வாசித்துவிட்டு, "இஞ்சருங்கோ, கலியாணத்துக்கு நாலு கிழமைதான் கிடக்கு, பிள்ளையைப் பேப்பரிலை போட்டு இழுக்காதேங்கோ" என்கிறாள். ஏழு வருடம் மழையிலும் பனியிலும் உன்னை அந்த வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டு, கார் தரிப்பிடத்தில் காத்துக் கிடந்தவன் நான். அதற்குக் கூலியாக இதை ஒருமுறை முழுதாக வாசி.

மலர் வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டுமென்பதால் உன் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விமானங்களில் காட்டும் படங்களை வெட்டித் திருத்துகிற ஒரு கம்பனியில் நீ வேலை செய்கிறாய். கெட்ட வார்த்தை வந்தால் அந்த இடத்தில் ஒரு சாதுவான வார்த்தையைப் பொருத்துவாய். ஒரு விமானக் கம்பனிக்கு வைன் கிளாஸை மங்கலாக்குவாய், இன்னொன்றுக்குப் பன்றியை மறைப்பாய். விமானம் விழுகிற காட்சியை எல்லாருக்குமே வெட்டிவிடுவாய். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிழக்கு லண்டன் இல்ஃபோர்டிலிருந்து உன் சித்தப்பா போன் பண்ணினார். "பிள்ளைக்குப் படத்திலை வேலையாம். நடிக்கிறாளோ, அண்ணை?" என்றார். "இல்லையடா, மற்றவை நடிச்சதை வெட்டுறாள்" என்றேன். "அதுக்கு டிகிரி வேணுமோ?" என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஏனென்றால் அதே வேலையை நான் டிகிரி இல்லாமல் ஒன்பது வருடம் செய்திருக்கிறேன்.

முதல் பத்து வெட்டில் எனக்குச் சண்டை இல்லை, கொஞ்சம் மனவருத்தம் மட்டும் உண்டு. டேனியல் முதல் தடவை எங்கள் வீட்டில் சாப்பிட்டபோது, இறைச்சிக் கறிக்குள் கிடந்த கறுவாப்பட்டையைத் துப்புவது மரியாதையில்லை என்று நினைத்து, கண்ணில் நீர் வர முழுவதையும் சப்பி விழுங்கிய கதையை எடுத்துவிட்டாய். மாப்பிள்ளையின் மானம் என்கிறாய். அந்தப் பெடியன் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே அந்தப் பட்டையால்தான். ஆறு வயதில் பள்ளி நாடகத்தில் மரமாக நின்ற நீ, நடுவில் மூத்திரம் வந்து மேடையை விட்டு நடந்து போக, அரசனும் மந்திரியும் நிழல் இல்லாமல் நின்ற கதையும் போய்விட்டது. நான் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தபோது, ஆளனுப்பும் ஏஜென்சிக்காரன் சொன்னபடி பாஸ்போர்ட்டைக் கிழித்து விமானக் கழிவறையில் போட, அது போகமாட்டேன் என்று அடம்பிடித்துத் திரும்பத் திரும்ப மேலே வந்த கதைக்கு நீ எழுதிய காரணம் எனக்குப் பிடித்திருந்தது: 'டேனியலின் மாமா குடிவரவு இலாகாவில் இருந்தவர்.' பிறகு சித்தப்பாவின் கதை. "பெடியன் என்ன ஆக்கள், அண்ணை?" என்று குரலைத் தாழ்த்தி அவர் சாதி கேட்டதும், டேனியலின் தகப்பன் ரயில் ஓட்டியவர் என்பதால் "ரயில் ஆக்கள்" என்று நான் சொன்னதும், "அதுக்குள்ளை மேலையோ கீழையோ?" என்று அவர் தொடர்ந்ததும். சித்தப்பா முன்வரிசையில் இருப்பார் என்று வெட்டியிருக்கிறாய். இங்கே எழுதிவிட்டேனே என்று பயப்படாதே. மலரில் அவர் பார்ப்பது தன்னுடைய படம் வந்திருக்கிறதா என்பதை மட்டும்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். உன் அம்மாவைக் கட்டுவதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே நான் கிங்ஸ்பரியில் வீடியோக் கடை நடத்தினேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே 'குடும்பக் கொப்பி' என்று ஒருவகைப் படப் பிரதி இருந்தது உனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் மூன்று குடும்பம் இருக்கும், முன்னறையில் ஒரு டிவி இருக்கும், சனிக்கிழமை பின்னேரம் சின்னப் பிள்ளையிலிருந்து பெரியவர் வரை பதினான்கு பேர் அதன் முன்னால் இருப்பார்கள். கதாநாயகியின் மேல் மழை பெய்யத் தொடங்கினால் அந்த அறையில் யாருக்கும் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாது. நீ டேனியலின் ஆட்களுக்காகக் கவலைப்படுகிறாயே, அதே கவலை. தகப்பன்மார் என்னிடம் வந்து, "தம்பி, பொம்பிளைப் பிள்ளையளோடை இருந்து பாக்கக்கூடியதாத் தா" என்பார்கள். நான் இரண்டு வீடியோ டெக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் படத்தை ஓடவிட்டு மற்றதில் பதிவேன். வெட்ட வேண்டிய இடங்களை முதலே பார்த்து ஒரு தாளில் குறித்திருப்பேன். இடம் வந்தவுடன் பெருவிரலால் நிறுத்தப் பொத்தானை அமுக்கிவிடுவேன்.

ஆனால் வெட்டின இடத்தில் படம் துள்ளும். பார்க்கிறவனுக்கு இங்கே ஏதோ போய்விட்டது என்று தெரிந்துவிடும், தெரிந்தால் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பான். ஆகவே நான் ஒரு யுக்தி கண்டுபிடித்தேன். நான் எடுத்து வைத்திருந்த ஒரு கோயில் தேர்த் திருவிழா வீடியோவிலிருந்து வேண்டிய அளவு எடுத்து அந்த இடத்தில் நிரப்பினேன். கதாநாயகன் கதாநாயகியின் தோளில் கை வைப்பான். உடனே மேளச் சத்தத்தோடு தேர் வரும். தேர் போன பிறகு இருவரும் தலை கலைந்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு என் வேலையில் பெரிய பெருமை.

சிவலோகம் அண்ணை என்று ஒரு வாடிக்கையாளர், மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன். மாதக் கணக்காகக் குடும்பக் கொப்பிதான் எடுத்தார். ஒருநாள் கசற்றைத் திருப்பித் தந்துவிட்டு யோசித்தபடி நின்றார். "தம்பி, நல்ல படம். வீட்டிலை எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு இருந்து பாத்தவை. ஆனா அவன் அவளைத் தொட்ட உடனை ஏன் தேர் வருது?" என்றார். "அது டைரக்டர் ஆழமாச் சொல்லியிருக்கிறார், அண்ணை" என்றேன். தலையாட்டிக்கொண்டு போனார். அடுத்த கிழமை கடையில் வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து வந்து, கண்ணாடியைத் துடைத்தபடி, "தம்பி, தேர் இல்லாத கொப்பி இருக்கோ?" என்றார். கொடுத்தேன். அதற்கடுத்த நாள் அவருடைய மூத்த மகள் வந்து அதையே கேட்டாள். பிறகு அவருடைய மனைவி. ஒருவர் எடுப்பது மற்ற இரண்டு பேருக்கும் தெரியாது. சனிக்கிழமையானால் எல்லாரும் சேர்ந்து இருந்து தேரைக் கும்பிட்டார்கள்.

இதுவரைக்கும் சிரிப்புத்தான். அதனால் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. யாருக்கு எது தாங்கும், எது தாங்காது என்று எனக்குத் தெரியுமென்று நினைக்கத் தொடங்கினேன். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு அக்கா, சான்ட்விச் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டுக் கடைக்கு வருவா. ஊரில் அவவின் தம்பியைச் சுட்டுவிட்டார்கள் என்று யாரோ எனக்குச் சொல்லியிருந்தார்கள். பாவம், வெடிச்சத்தம் கேட்டால் தாங்கமாட்டா என்று நானாகவே தீர்மானித்து, ஒரு படத்தில் துவக்குச் சூடு, தீ, இரத்தம் எல்லாவற்றையும் வெட்டி அவவுக்கென்று ஒரு கொப்பி பண்ணிக் கொடுத்தேன். அவ கேட்கவில்லை. வெட்டியிருக்கிறேன் என்று நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கசற்றோடு வந்தா.

"தம்பி, இதுக்கு முடிவு இல்லை. அந்தக் கொடியவன் செத்தவனோ இல்லையோ?"

"செத்திட்டான், அக்கா. அதிலை கொஞ்சம் வெடி கூட எண்டபடியாலை நான்தான் எடுத்துவிட்டனான்."

"ஆர் உங்களை எடுக்கச் சொன்னது? நான் ரெண்டு மணித்தியாலம் இருந்து பாத்தது அதுக்குத்தானே. ஒரு இடத்திலையாவது அவன் சாகிறதை நான் கண்ணாலை பாக்கோணும்."

அவ சத்தம் போடவில்லை. கசற்றை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றா. வெட்டாத கொப்பியை எடுத்துக் கொடுத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அன்றைக்கே என்னைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. அதற்குப் பிறகுதான் என் பெரிய பிழையைச் செய்தேன்.

உன் அம்மாவும் நானும் கல்யாணம் செய்தபோது எங்கள் இரு பக்கத்துத் தாய்தகப்பனும் ஊரில். சண்டை நேரம், ஒருவரும் வர வழியில்லை. பெண்ணின் தாய்தகப்பன் அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்கிற இடம் வந்தது. அதைத் தாரைவார்க்கிறது என்பார்கள், அடுத்த மாதம் நீயே பார்ப்பாய். ஐயர், "பொம்பிளையின்ரை அப்பா அம்மா வாங்கோ" என்று வழக்கப்படி கூப்பிட்டார். கிங்ஸ்பரியில் மரக்கறிக் கடை வைத்திருந்த ஒருவரும் அவர் மனைவியும் எழுந்து வந்தார்கள். எங்களைப் போல வந்த பெண்களுக்கு யாராவது ஒரு தம்பதி அப்படி நின்று உதவுவது அப்போது வழக்கம். உன் அம்மா அவர்களை அதற்கு முன் இரண்டு தரம்தான் பார்த்திருந்தாள், அதில் ஒரு தரம் முருங்கைக்காய் வாங்கியது. அந்த மனுஷன் கையைப் பிடித்தவுடன் உன் அம்மா அழத் தொடங்கினாள். தேம்பித் தேம்பி நான்கு நிமிடம். மரக்கறிக் கடைக்காரரும் அழுதார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வீடியோ எடுத்த என் சிநேகிதன் கமெராவை அசைக்காமல் முழுவதையும் எடுத்தான்.

ஊருக்கு அனுப்புவதற்கு அந்தக் கசற்றை நான் கடையில் வைத்துக் கொப்பி பண்ணினேன். பிள்ளை இப்படி அழுவதைப் பார்த்தால் அங்கே அவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று நினைத்தேன். பெருவிரலை அமுக்கினேன். நான்கு நிமிடமும் போயிற்று. அந்த இடத்தில் போடத் தேர் பொருந்தாது. ஆகவே பந்தியில் ஆட்கள் சாப்பிடுவதை, முக்கியமாக வடை பரிமாறுவதைக் கிட்டத்தில் எடுத்திருந்ததைப் போட்டு நிரப்பினேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கசற் கொழும்புக்குப் போன ஒருவர் கையில் ஏறி, அங்கே கை மாறி, மூன்று மாதத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. அங்கே கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் டிவியும் டெக்கும் வாடகைக்குக் கொண்டுவந்து, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு இருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

அம்மாவின் அக்கா, உன் பெரியம்மா, எழுதிய கடிதம் இப்போதும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. 'தங்கச்சி, உன்ரை கலியாணம் பாத்தம். நீ ஒரு சொட்டும் அழேல்லை. சந்தோசம். லண்டன் உனக்குப் பிடிச்சிட்டுது எண்டு இஞ்சை எல்லாரும் சொல்லினம். அப்பா ஒண்டு மட்டும் கேக்கச் சொன்னவர். தனக்குப் பதிலா நிண்டு உன்னைத் தாரைவாத்தது ஆர்? அந்த ஆளின்ரை முகத்தைத்தான் அவர் பாக்க வேணும் எண்டு இருந்தவர். அந்த இடம் வரேக்கை வடைதான் தெரியுது.'

உன் அம்மா அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு என்னைக் கேட்டாள். நான் சொன்னேன். பதினாறு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வந்தது. வெட்டாத கொப்பியை உடனே அனுப்ப முயன்றேன். சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிவிட்டது, கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் உன் அம்மாவின் தகப்பன் போய்விட்டார். தன் இடத்தில் நின்ற மனுஷனின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. பிள்ளைக்கு எங்களை நினைவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டு போனாரோ, எனக்குத் தெரியாது. இதை நான் உனக்கு இதுவரை சொன்னதில்லை.

உனக்கு ஏழு வயதில், பாதை திறந்த பிறகு, பெரியம்மா விசிட் விசாவில் வந்து எங்களோடு ஆறு கிழமை நின்றதை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெட்டாத அந்தப் பழைய கசற்றை எடுத்துப் போட்டேன். நீ தரைவிரிப்பில் குப்புறப் படுத்திருந்து, "அம்மா ஏன் அழுறா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். பெரியம்மா நான்கு நிமிடமும் பார்த்தா. முடிந்ததும், "திருப்பிப் போடுங்கோ, தம்பி" என்றா. போட்டேன். மறுபடியும் போடச் சொன்னா. மூன்றாம் தரம் முடிய மூக்கைச் சீறித் துடைத்துக்கொண்டு உன் அம்மாவைப் பார்த்து, "ம், வடிவாத்தான் அழுதிருக்கிறாய்" என்றா, பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவளிடம் சொல்வது மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த மரக்கறிக்காரர் நல்ல மனிசன் போலை கிடக்கு. இதை அப்பாவுக்குக் காட்டியிருக்கலாம்" என்றா. அவ்வளவுதான். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

உன் வேலையை நான் குறை சொல்லவில்லை, பிள்ளை. முப்பதாயிரம் அடி உயரத்தில் இருப்பவனுக்கு விமானம் விழுவதைக் காட்டாமல் விடுவது நல்ல பழக்கம்தான். அதைவிட, உங்கள் படங்களின் தொடக்கத்தில், இது திருத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி போடுகிறீர்கள். பார்க்கிறவன் விரும்பினால் வீட்டுக்குப் போய் முழுதாகப் பார்க்கலாம். நான் அந்த ஒரு வரியைப் போடவில்லை. வெட்டியதைவிட, வெட்டாத மாதிரிக் காட்டியதுதான் என் பிழை. கல்யாணம் கட்டப்போகிறவளுக்கு என்னிடம் புத்திமதி என்று இருந்தால் இதுதான். டேனியலுக்குக் குடும்பக் கொப்பி கொடுக்காதே. வேலையில் மனம் நொந்து வந்தால், ஒன்றுமில்லை என்று சொல்லித் தேரை ஓட்டாதே. இப்போது சொல்ல முடியாவிட்டால் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன், பிறகு காட்டுகிறேன் என்றாவது சொல். கறுவாப்பட்டையை விழுங்கியவன் அதையும் தாங்குவான்.

இப்போது பதினோராவது வெட்டு. நீ எடுத்துப் போட்ட வரிகளை இங்கே முழுதாக எழுதுகிறேன்: 'இவளுடைய அம்மாவின் கல்யாணத்தில் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கறிக் கடைக்காரர் நின்றார். இன்று என் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க நானே இங்கே நிற்கிறேன். இந்த இடத்தில் நான் கொஞ்சம் அழுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.' டேனியலின் ஆட்களுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாவிட்டால் என்னைப் பார்க்கட்டும். அதற்காகத்தான் புதுக் கோட்டுச் சூட்டு எடுத்திருக்கிறேன். எனக்கு இரண்டு நிமிடம் போதும். உன் அம்மாவின் நான்கு நிமிடத்தை நான் தாண்டமாட்டேன்; அது அவளுடைய சாதனை, அப்படியே இருக்கட்டும்.

மற்றப் பத்தையும் தாராளமாக வெட்டு. மரத்தை வெட்டு, பாஸ்போர்ட்டை வெட்டு, சித்தப்பாவை முழுதாகவே வெட்டினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. கமெராக்காரப் பெடியனிடம் மட்டும் நீயே ஒரு வார்த்தை சொல்லிவை, நான் சொன்னால் கேட்கமாட்டான். அப்பா அழத் தொடங்கினால் கமெரா அப்பாவின் மேலேயே இருக்க வேண்டும். வடையின் பக்கம் திருப்பக்கூடாது.

வெட்டாத அன்போடு,
அப்பா